அரைச் சதுர மில்லிமீட்டருக்கும் வரி

ராஜராஜ சோழன் என்றதும் நமக்குப் பெரிய கோயில் நினைவுக்கு வரும். கப்பற்படை வரும். சமீபகாலமாகச் சில நடிகர்களின் முகமும் வருகிறது. வரவே வராத ஒன்று, அவனுடைய சர்வே துறை. சரித்திர நாவல் எதிலும் நில அளவர் கதாநாயகனாக வந்து பார்த்ததில்லை. வந்தியத்தேவன் குதிரையில் பறக்கும் காட்சிக்கு இருக்கும் கவர்ச்சி, முழங்கால் சேற்றில் ஒருவர் கோல் பிடித்து நிற்கும் காட்சிக்கு ஏது? ஆனால் வந்தியத்தேவனின் குதிரை தின்ற கொள்ளுக்கான காசு அந்தச் சேற்றிலிருந்துதான் வந்தது.

ஆகவே தமிழ்நாட்டு வரலாற்றைக் கொஞ்ச நேரம் குதிரையை விட்டு இறக்கி, வரப்புமேல் நடக்கவிட்டுப் பார்ப்போம்.

முதலில் வாய்ப்பாடு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் புழங்குவது இது. 12 அடிக் கோலை நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை போட்டால் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர்; ஒரு வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். அந்தக் காலத்தில் ‘ஆயிரம் வேலிப் பண்ணையார்’ என்று சொன்னால் 6,600 ஏக்கர் என்று அர்த்தம். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அடிவானமும் பட்டாவில் சேர்த்தி.

இவ்வளவுதான் சங்கதி என்றால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை. ஏனென்றால் இந்த வாய்ப்பாட்டை இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி ஒப்புவித்ததாகச் சரித்திரம் இல்லை.

யானைத் தரப்பு

மா என்பது சோழர்கள் கண்டுபிடித்த அளவல்ல. சங்க காலத்திலேயே இருந்தது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புத்திமதி ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக உருட்டிப் போட்டால் யானைக்குப் பல நாள் தாங்கும். யானையே வயலில் இறங்கிவிட்டால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் நாசமாவதுதான் அதிகம். வரி வாங்குகிறவனுக்குச் சொன்ன அறிவுரை அது. 2019-இல் மத்திய நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் இந்தப் பாட்டை எடுத்துச் சொன்னார். வயலின் சார்பில் பாடிய பாட்டை யானைத் தரப்பே எழுந்து நின்று பாடியது. அவையில் மேசை தட்டினார்கள் என்றால் அதுவும் அந்தத் தரப்புதான்.

நமக்கு இங்கே முக்கியம் யானையல்ல. சங்கப் பாட்டில் மா எட்டிப் பார்க்கும் இடம் ஒரு வரிப் பஞ்சாயத்து. யாரும் மாலை நேரத்தில் காற்று வாங்கப் போய், ‘ஆகா, என்ன அழகான மூன்று மா!’ என்று வியந்து பாடவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நெல்லில் 379-இல் ஒரு பங்கு

985-இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன், 1001-ஐ ஒட்டிச் சோழ மண்டலம் முழுவதையும் அளக்கச் சொன்னான். அந்த வேலையை நடத்திய சேனாபதிக்கு ‘உலகளந்தான்’ என்று பட்டம். திருமாலுக்கும் அதே பெயர் உண்டு. ஆனால் திருமால் மூன்றே அடியில் வேலையை முடித்துவிட்டார். அவரிடம் யாரும் அளவைப் பதிவேடு கேட்கவில்லை. சேனாபதியிடம் கேட்டார்கள்.

கேட்டதோடு விடவுமில்லை. பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கைக் கல்லில் பார்க்கலாம். ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, அதில் ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளர் இருப்பிடம், பறைச்சேரி, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்துக்குத்தான் வரி போட்டிருக்கிறார்கள். சுடுகாட்டுக்கு விலக்கு கொடுத்ததில் மனுஷன் செத்த பிறகாவது வரி கட்டாமல் படுத்தான்.

இப்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. தமிழ்க் கணக்கில் ஒன்றை 20-ஆகப் பங்கு போட்டால் மா, 80-ஆகப் போட்டால் காணி, 320-ஆகப் போட்டால் முந்திரி. சாதாரண ஜனங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சோழநாட்டுக் கணக்கர் போகவில்லை. முந்திரியை எடுத்து மறுபடி 320-ஆக வெட்டிக் கீழ்முந்திரி என்றார். அதற்கும் கீழே போனார். கடைசியில் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் நிலக்கணக்கு இறங்கியிருக்கிறது.

இன்றைய தஞ்சாவூர் வேலியை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் அது சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். அந்த நிலத்தில் ஒரு கடுகை வைத்தால் பாதிக் கடுகு பக்கத்து நிலத்தில் நிற்கும். ஆக்கிரமிப்பு வழக்கு நிச்சயம்.

அதற்கு வரி எவ்வளவு? ராஜராஜன் காலத்தில் வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் நெல். கலத்துக்கு 96 நாழி. பழைய முகத்தல் வாய்ப்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு. அப்படியே ஆழாக்கு, உழக்கு, உரி என்று ஏறி வந்தால் நாழிக்கு 14,400 நெல். பெருக்கி வகுத்தால், மேற்படி நிலத்தின் உடைமையாளர் அரசுக்குச் செலுத்த வேண்டியது ஒரு நெல்மணியை 379-ஆக வெட்டி அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டையும் வீட்டு மரக்காலில் போட்டுக் கொடுத்துவிட முடியாது. பெரிய கோயிலில் நெல் அளக்க ‘ஆடவல்லான்’ என்ற பெயரில் தனி மரக்கால் இருந்தது. ஆடவல்லான் என்றால் நடராஜர். சாமி பேரில் மரக்கால் வைத்துவிட்டால், ‘அளவு குறையுதே’ என்று யார் வாயைத் திறப்பார்கள்?

சேற்றில் நடந்திருக்கக் கூடிய பேச்சை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

‘ஓய், உம்ம நிலம் இரண்டு மா, முக்காணி, அரைக்காணி, முந்திரி, அதற்குக் கீழே கொஞ்சம்.’

‘ஐயா, அந்தக் கீழே கொஞ்சம் எங்கேங்க இருக்கு?’

‘உம்ம கட்டைவிரல் நகத்துக்கு அடியில்.’

‘அங்கே அழுக்குதானுங்களே இருக்கு?’

‘இருக்கட்டும். அது நன்செய் அழுக்கா, புன்செய் அழுக்கா?’

உண்மையில் எந்த அதிகாரியும் வரப்பில் குந்தி அரை மில்லிமீட்டரை அளக்கவில்லை. பெருக்கி, கழித்து, வகுத்து வந்த மிச்சம் அது. நம் கடைக்காரராக இருந்தால் ‘சில்லறை இல்லை, சாக்லேட் எடுத்துக்குங்க’ என்று முடித்திருப்பார். சோழநாட்டுக் கணக்கருக்குச் சாக்லேட் தெரியாது. கல்லில் வெட்டிவிட்டுப் போனார்.

இந்தக் கணக்கர்களை உற்பத்தி செய்யும் தொழிற்சாலையாகப் பின்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது. எண்சுவடியில் ‘பெருங்குழி’, ‘சிறுகுழி’ என்றே வாய்ப்பாடு உண்டு. முழு எண்ணை அதே எண்ணால் பெருக்குவது பெருங்குழி. பின்னத்தை அதே பின்னத்தால் பெருக்குவது சிறுகுழி. முக்காலை முக்காலால் பெருக்கச் சொன்னால் எட்டு வயதுப் பையன் மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதுகில் கோல் விழும். நிலம் அளக்கும் கோல் எப்படியும் தமிழனைத் தொடாமல் விடாது என்பது அந்த வயதிலேயே பையன்களுக்குப் புரிந்துவிடும்.

மன்னர் காலின் சைஸ்

அளவு இவ்வளவு நுணுக்கமாக இருந்ததே, அளக்கும் கோலாவது ஒன்றாக இருந்ததா? அதுதான் இல்லை. 12 சாண் கோல் ஒன்று, 16 சாண் கோல் ஒன்று. உலகளந்த கோல், மாளிகைக் கோல், சுந்தரபாண்டியன் கோல், குடிதாங்கிக் கோல் என்று ஊருக்கொரு கோல், ராஜாவுக்கொரு கோல். ஒரு மாவுக்கு 100 குழி என்று ஓர் ஊரில் சொன்னால், இன்னோர் ஊரில் 128, வேறோர் ஊரில் 256, எங்கோ ஓர் இடத்தில் 512. அளவில் தகராறு வந்தால் சரிபார்க்கக் கோயில் சுவரில் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டிவைத்தார்கள். சாமி கும்பிட வந்தவன் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு இரண்டு காரணம் இருந்தது.

முதலாம் குலோத்துங்கன் வந்ததும் 1086-இல் மறுபடி நாடு முழுக்க அளவை. இந்தத் தடவை ‘ஸ்ரீபாதக்கோல்’. மன்னரின் திருப்பாதம்தான் அதற்கு அளவு. இங்கே குடிமக்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கோல் குட்டையானால் குழி சுருங்கும். குழி சுருங்கினால் அதே வயலில் அதிகக் குழி விழும். அதிகக் குழிக்கு அதிக வரி. அதுவும் நேர்விகிதத்தில் ஏறாது. கோலில் பத்தில் ஒரு பங்கை நறுக்கினால், நேற்று 100 வேலியாக இருந்த ஊர் இன்று காலை 123 வேலி. ஓர் அங்குலம் புது நிலம் இல்லாமல், ஒரு போரும் இல்லாமல், நாட்டின் பரப்பை நான்கில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட விரிவாக்கலாம். கடல் கடந்து கடாரம் போனவர்கள் இதை முதலில் யோசித்திருந்தால் கப்பல் செலவு மிச்சம்.

எனவே இளவரசர் பிறந்தால் வீரம் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பாதம் நீளமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் குடிமக்களுக்கு நல்லது. குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கிச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் வாங்கியது உண்மைதான். நிலத்தை மறுபடி அளக்கச் சொன்னதும் அதே ஆள்தான். ஒரு கையால் சுங்கத்தை விட்டால் இன்னொரு கையில் கோல் இருக்க வேண்டும் என்ற பட்ஜெட் சூத்திரம் அவ்வளவு பழையது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1086-இல்தான் இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் ஊர் ஊராக நிலக்கணக்கு எடுத்தான்; பின்னாளில் அதற்கு ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று பெயர் வந்தது. ஒரு மாடு, ஒரு பன்றியைக்கூட விடவில்லை என்று அந்நாட்டு வரலாற்றுக் குறிப்பு எழுதியவரே புலம்பியிருக்கிறார். அங்கே நில அளவின் பெயர் ஹைடு. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்று விளக்கம். நடைமுறையில் இவ்வளவு ஹைடுக்கு இவ்வளவு வரி. குலோத்துங்கனும் வில்லியமும் கடிதம் எழுதிக்கொண்டதாக எந்தச் சான்றும் இல்லை. தேவையும் இல்லை. கஜானா காலியானால் எந்த நாட்டு மன்னனுக்கும் ஒரே யோசனைதான் வரும்.

விதையால் அளந்த பேர்

குடியானவன் தனக்கென்று வைத்திருந்த அளவு வேறு. திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் நிலத்தைக் கோலால் கேட்க மாட்டார்கள், விதையால் கேட்பார்கள். ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்றால் 21 மரக்கால் விதை விதைக்கக் கூடிய நிலம். கை தாராளமானவர் நெருக்கி விதைத்தால் நிலம் சுருங்கும். கஞ்சன் விதைத்தால் விரியும். கஞ்சத்தனத்தால் சொத்து பெருகும் என்று தாத்தாக்கள் சொன்னதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் கிடையாது.

யாழ்ப்பாணத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே லாச்சம் என்று ஓர் அளவு. நெல் லாச்சமானால் ஏக்கருக்கு 24. வரகு லாச்சமானால் ஏக்கருக்கு 16. பெயர் ஒன்று, தானியம் மாறினால் நிலத்தின் அளவே மாறும். சம்பந்தி வீட்டார் சீதனக் காணியைச் சொல்லும்போது ‘எத்தனை லாச்சம்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்த தகப்பனை வீட்டில் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

காணி சென்னைக்கு வந்தது

கும்பெனிக்காரன் வந்தான். வியாபாரம் பண்ண வந்தவன் சென்னையில் நிலவரி வாங்க உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது குழி. ஆனால் இது தஞ்சாவூர்க் குழியல்ல. 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அதாவது தஞ்சாவூர்க் குழியைப்போல் நான்கு. அப்படிப்பட்ட 100 குழி ஒரு காணி: 57,600 சதுர அடி. அந்தக் காணியை 24-ஆகப் பிரித்தால் 2,400 சதுர அடி மனை ஒன்று. அதுதான் இன்றைக்கும் சென்னைத் தரகர்கள் வாயில் வரும் கிரவுண்டு.

இப்போது பழைய வாய்ப்பாட்டைத் திருப்பிப் பாருங்கள். சோழர் கணக்கில் மா என்பது வேலியில் 20-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. அதாவது காணி, மாவின் கால் பங்கு. சென்னைக் காணியோ தஞ்சாவூர் மாவைப்போல் சரியாக நான்கு மடங்கு. காவிரிக்கரையில் கால் பங்காகக் கிடந்தது, பட்டணம் வந்ததும் நாலு மடங்காகிவிட்டது. சொந்த ஊரில் மதிப்பில்லாமல் சென்னைக்கு வந்து பெரிய ஆளானவர்களின் பட்டியலில் காணிக்கே முதலிடம்.

வெள்ளைக்காரனுக்கு இந்தக் குழப்பம் தாங்கவில்லை. உலகத்தையே புதிதாக அளந்துவிடுவது என்று தீர்மானித்து, 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டு மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவர் கையில் இருந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. அது இங்கிலாந்திலிருந்து வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி, மொரீஷியஸ் போய், மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. எதிரியிடமிருந்து தப்பிய கருவிக்குக் கண்டம் தஞ்சாவூரில் காத்திருந்தது. 1808-இல் அதைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கட்டடத்தில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் தட்டிக்கொட்டி நிமிர்த்தினார். அரைச் சதுர மில்லிமீட்டர் வரைக்கும் கணக்குப் பார்த்துக் கல்லில் வெட்டிவைத்தவன் வீட்டு மாடியிலேயே ஏறி மறுபடி அளக்கிறேன் என்றால் ராஜராஜன் சும்மா இருப்பானா?

கோலுக்குப் பதில் சங்கிலி வந்தது. எட்மண்ட் கன்டர் என்ற பாதிரியார் 1620-இல் வடிவமைத்த 66 அடிச் சங்கிலி. அதில் 100 கண்ணி. ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் என்றால் ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? ஒரு ஜோடி எருது ஒரு நாளில் உழும் நிலம் என்று இங்கிலாந்தில் வைத்திருந்த உத்தேசக் கணக்கு. ஆக, இங்கிலாந்து எருது எத்தனை மணிக்குக் களைத்துப்போய்ப் படுத்ததோ அதை வைத்துக் காங்கேயம் காளைக்காரன் வரி கட்ட வேண்டியதாயிற்று. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறைக் கேட்டு முந்திரியும் கீழ்முந்திரியும் சிரித்திருக்கும்.

இன்றைய நிலவரம்

சுதந்திரம் வந்தது; மன்னர் பாதம் ஒழிந்தது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-இல் அது 15 ஆனது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றால் ஓர் ஏக்கர் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. தீர்வை அதிகமுள்ள நன்செய்யில் அது ஓர் ஏக்கருக்கும் குறைவு. வானம் பார்த்த புன்செய்யில் பல ஏக்கர். சட்டப் புத்தகத்திலேயே, நிலத்தின் அளவை அதன் தீர்வையால் தீர்மானிக்கிறார்கள். பிசிராந்தையார் எழுந்து வந்தால், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பார்.

1956-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்து, பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் ஏறி உட்கார்ந்தன. 1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது. பழைய பின்னங்களையெல்லாம் தலைக்குள் வைத்திருந்த கடைசி ஆசாமிகள் கணக்குநோட்டை ஒப்படைத்துவிட்டுத் திண்ணைக்குப் போனார்கள். ஆனால் எந்த அளவும் முழுசாகச் சாகவில்லை. ஒரே துண்டு வயலைத் தாத்தா ஒரு மா என்பார். அப்பா 33 சென்ட் என்பார். பட்டாவில் 13 ஏருக்குக் கொஞ்சம் மேலே என்றிருக்கும். மனை போட்டு விற்க வந்த சென்னைக்காரர் 6 கிரவுண்டு என்பார். பேரன் கைப்பேசியில் தட்டி 14,400 சதுர அடி என்பான். ஐந்தும் சரி. விலை பேசும்போது மட்டும் ஒவ்வொருவரும் தனக்கு லாபமான அளவைச் சொல்வார்கள்.

சங்க காலத்திலிருந்து இந்தக் கணக்கில் தவறாமல் வரும் ஒரே விதி இதுதான்: வயல் இருந்த இடத்திலேயே இருக்கும்; கோல் பிடித்தவனுக்குத் தேவைப்பட்ட அளவுக்கு அது நீளும், சுருங்கும். மன்னன் பிடித்தபோது மன்னனுக்கு, கும்பெனி பிடித்தபோது கும்பெனிக்கு, தரகர் பிடித்தால் தரகருக்கு.

ஆகையால் நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எத்தனை குழி?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை அடிக் கோல் குழி?’ என்று கேளுங்கள். பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றிலும் உள்ள அளவுகளைச் சதுர மீட்டருக்கு மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அளவரை வைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடிக்காமல், சங்கிலியின் மறுமுனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.